அப்பாவின் சம்மதம்

விண்ட்ஹோக் விமான நிலையத்தில், அதிகாரியின் கண்ணாடித் தடுப்போடு போனை அழுத்திப் பிடித்தாள் கோகிலவாணி.

போனில் அவள் கணவன் செங்கோட்டுவேலு சிரித்தான். திருச்செங்கோட்டிலிருந்து நமீபியாவுக்கு போர்வெல் போட வந்தவன். "நாந்தானுங்க அப்பன். புள்ளைய உள்ள உடுங்க சார், புண்ணியமாப் போகும்!"

"நீ ஏன்ப்பா கூப்பிட வரல?" என்று துள்ளினாள் ஏழு வயது துவாரகா.

"போர்வெல் வண்டி ஓடீட்டிருக்குது கண்ணு. நீ வா!"

அதிகாரியின் திரை சிவந்தது. அவர் பேசியது கோகிலவாணியின் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியில் மட்டும் தமிழாக ஒலித்தது. "இவர் சம்மதம் செல்லாது. எதற்காக வந்தீர்களென்று குழந்தைக்குத் தெரியுமா? தெரியாத குழந்தையை உள்ளே விடமாட்டோம். இப்போதே சொல்லுங்கள், அல்லது அடுத்த விமானத்தில் திரும்புங்கள்."

"ஊருக்குப் போயிச் சொல்லிக்கறனுங்க..."

அவர் தலையாட்டி மறுத்தார்.

கோகிலவாணி போனை அணைத்தாள். மகளின் முன்னால் மண்டியிட்டாள்.

"கண்ணு... குழாய் சரிஞ்சு உழுந்து அப்பா செத்து நாலு மாசமாச்சு. பொதச்ச எடத்தப் பாக்கத்தான் வந்திருக்கறோம். தெனமும் உங்கிட்டப் பேசுனது, அப்பா மாதிரியே பேச கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுத்த பொம்மை."