இருகடல் மலைக்கு ஒரே முறை

மதிப்பிற்குரிய வன அலுவலர் அவர்களுக்கு,

இருகடல் மலையின் கீழ்வாசலில் பாஸ் சரிபார்க்கும் தெரேசம்மாள் எழுதுவது. ஆளுக்கு ஆயுளில் ஒரே முறைதான் மலையேறலாம் என்ற விதியை நான் இதுவரை யாருக்கும் தளர்த்தியதில்லை.

நேற்றுக் காலை ஜெனிட்டா என்ற பெண், கணவரோடும் கைக்குழந்தையோடும் வந்தார். கருவியில் விரல் வைத்ததும், ஏற்கெனவே ஏறியவர் என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவேட்டைப் பார்த்தால், இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, எட்டு மாதக் குழந்தையாக, தகப்பனார் இடுப்பில் இருந்தபடி ஏறியிருக்கிறார்.

“உச்சியில நின்னா ரெண்டு பக்கமும் கடலு தெரியும்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. என்னையும் தூக்கிட்டுப் போனத மட்டும் சொல்லவே இல்லியே அக்கா!” என்றார்.

கணவர் குழந்தைக்காகக் கை நீட்டினார். “சரி, நீ இங்க இரு. நானும் பாப்பாவும் போயிட்டு வாறோம். அவளுக்குப் பாஸ் இருக்குல்லா?”

“இருக்கு. அதனாலதான் பாப்பாவத் தரமாட்டேன். நீங்க மட்டும் போங்க” என்றார் ஜெனிட்டா.

அவர் தனியாக ஏறினார். ஜெனிட்டா மகளை மடியில் இறுக்கிக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களிடமெல்லாம், “கடலு தெரிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே ஐயா, கைக்குழந்தையாக ஏறியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.