செவ்வாயிலிருந்து வந்த சத்தம்

"மூச்சுக் காட்டாத. உள்ள தொரை பேச்சுக் கேட்டுக்கிட்டிருக்காரு," என்று மாயழகுவின் வாயைப் பொத்தினான் பங்களாச் சமையல்காரன் சிவஞானம்.

"பெரிய விருந்தாளியாண்ணே?" பொத்திய கைக்குள்ளிருந்தே கேட்டான் மாயழகு. பள்ளத்துக் கூலி லயத்து வீட்டிலிருந்து மலையேறி ஓடி வந்ததில் அவனுக்கு நெஞ்சு இரைத்தது.

"விருந்தாளி இன்னும் வரலை. செவ்வாய்க் கிரகத்துல இருக்கான்."

மாயழகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேடிக்கை பேசுகிற நேரமா இது? பெண்சாதி வள்ளியம்மைக்குப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். பச்சை உடம்பில் ஜன்னி கண்டு, கட்டினவனையே அடையாளம் தெரியாமல் பிதற்றிக் கிடந்தாள். பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெண்களிடம் அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

பொழுது சாயுமுன் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்று தோட்டத்து மருந்துக்காரர் சொல்லிவிட்டார். மாட்டு வண்டி போய்ச் சேர விடிந்துவிடும். லுணுகலைக்கு மேலே அந்த மலையில் இருந்த ஒரே கார் துரையுடையது.

"கார் வேணும்ணே. கால்ல விழுந்தாவது கேக்கிறேன், விடு."

"கேட்டாலும் நடக்காதுடா. காரைக் கிளப்பினா அவரு பெட்டியில கரகரன்னு சத்தம் வந்துருமாம்."

சிவஞானம் ரகசியக் குரலில் விளக்கினான். சீமையிலிருந்து வந்து நாலு மாசங்கூட ஆகாத துரை, கையோடு ஒரு கம்பியில்லாத் தந்திப் பெட்டி கொண்டுவந்திருந்தார். செவ்வாய் இந்த வாரம் பூமிக்கு ரொம்பக் கிட்டே வருகிறதாம். அங்கே யாராவது இருந்தால் பேசுவார்களாம். அதற்காக தேயிலை அரைக்கும் ஸ்டோர் இயந்திரத்தை நிறுத்தி, நாய்களைத் தூரத்தில் கட்டி, பள்ளத்தைப் பார்த்த ஜன்னலைத் திறந்து அதன் வழியே கம்பி இழுத்திருந்தார்.

"மொதல்ல புழுவாம், பொறகு மீனாம், கொரங்காம், கடைசியில நாமளாம். இங்க அப்பிடி உயிர் வளந்திருந்தா அங்கயும் வளந்திருக்கும்ங்கிறாரு."

"இங்க ஒரு உயிர் போய்க்கிட்டிருக்குண்ணே." மாயழகு அவன் கையைத் தட்டிவிட்டு உள்ளே பாய்ந்தான்.

துரை இரண்டு காதுகளிலும் கருவியை மாட்டிக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார். மாயழகு அவர் காலைக் கட்டிக்கொண்டான். "என் பொஞ்சாதி சாகப் போறா தொரை. காரு குடுங்க."

துரை கோபப்படவில்லை. அவன் தோளை மெல்லத் தட்டினார். "கார் தரும். இப்போ இல்லை. கொஞ்சம் பொறு, சத்தம் வேணாம்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, கதவைக் காட்டினார்.

மாயழகு பின்பக்க விறாந்தையில் வந்து குந்தினான். அதுவரை அடங்கிக் கிடந்த கச்சான் காற்று எழும்பிக் குசினிக் கூரைத் தகரத்தைப் போட்டு அடித்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற சிவஞானம் சொன்ன ஆறுதல்கூடக் காதில் விழவில்லை.

மலை நிழல் தேயிலைச் சரிவில் இறங்க இறங்க மாயழகு மாரியம்மனிலிருந்து கதிர்காமத்தான் வரை எல்லாரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டான். கடைசியில், பேசுறதைச் சீக்கிரம் பேசித் தொலையேன் சாமி என்று அந்தச் செவ்வாய்க்காரனையே கையெடுத்துக் கும்பிட்டான்.

கதவு படாரென்று திறந்தது. துரை சிரித்துக்கொண்டிருந்தார்; கண்ணில் தண்ணீர்.

"கேட்டுது. உயிர் இருக்கு, அங்கே உயிர் இருக்கு." மாயழகுவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கருவியைக் கழற்றிய பிறகும் அந்தச் சத்தம் காதிலேயே நிற்கிறதாம். இடியுமில்லை, காற்றுமில்லை, அறிவுள்ள யாரோ விட்டு விட்டு, கணக்காகத் தட்டுகிறார்களாம்.

"இப்படி," என்று விறாந்தை மேசையில் விரல்களால் தட்டிக் காட்டினார். மறுபடியும் அதே தாளத்தைத் தட்டினார்.

சிவஞானம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். துரை எதையும் கவனிக்கவில்லை. "இன்னிக்கு நல்ல நாள். கார் எடு, இவன் பெண்சாதி பதுளைக்குக் கொண்டு போ," என்று டிரைவரைக் கூப்பிட்டார்.

மாயழகு துரையின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கார் வேணாங்க தொரை. அது எங்க லயத்துச் சாவுக்கொட்டு."