இருபத்தேழாவது கையெழுத்து

“நான் கையெழுத்து வைக்க மாட்டன். இதில பொய் இருக்கு” என்று சிவலட்சுமி மகஜரைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம். தெருவில் திரியும் கழுதைகள்கூட உள்ளே வராமல் பெரிய றோட்டிலேயே நின்றன. இதில் என்ன பொய்? நீக்கிலாஸ் மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருபத்தாறு வீட்டார் கையெழுத்து வைத்த மகஜர் அது. தண்ணீர் வடியாததற்கு முழுக் காரணமும் பிரதேச சபைக் கந்தோர்க்காரரின் அலட்சியமே என்று எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடு வேறு போட்டிருந்தார்.

“உங்கட பக்கத்து வீட்டு பஸ்னா வீட்டுக்குள்ள தண்ணி வந்தது தெரியும்தானே? பன்னிரண்டு நாள் பிள்ளை. அதுக்காகவாவது வையுங்கோ.”

“பேப்பரால தண்ணி வடியாது மாஸ்டர்.”

அதோடு ஒழுங்கை முழுவதும் அவளுடன் பேச்சை நிறுத்திவிட்டது. இந்திய அகதி முகாமில் இருந்து திரும்பி வந்த திமிர் என்றார்கள். பஸ்னா வீட்டுக்குள் வந்த தண்ணீர்கூட அன்று பின்னேரமே தானாக வடிந்துவிட்டது. ஆண்டவனுக்கு இருக்கிற இரக்கம்கூட இவளுக்கு இல்லையே என்று அதே ஒழுங்கை றஞ்சினி அவள் காதில் விழவே சொன்னாள். ஒரு கிழமையாக அவளுடைய படலையை ஒருவரும் திறக்கவில்லை.

பிறகு கந்தோரில் இருந்து றுஸ்தி என்ற அதிகாரி பழைய வரைபடத்தோடு வந்தார். வீடுகளின் பின்பக்கமாக நடந்தார். படத்தில், கடலுக்குப் போகும் நாலடி வாய்க்கால் ஒன்று எல்லா வளவுக்கும் பின்னால் ஓடியது. நிலத்தில் அது இல்லை. ஆளாளுக்கு அதைத் தங்கள் வளவோடு வளைத்துப் போட்டு, குறுக்கே மதில் கட்டியிருந்தார்கள். மாஸ்டரின் மதிலுக்குப் புதுப் பெயின்ற்.

மறித்த மதில்களை எடுத்தால் இந்த மாரி மழையிலேயே தண்ணீர் போய்விடும் என்றார் றுஸ்தி. “முதல்ல ஆர் இடிக்கிறியள்?”

எல்லோரும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் கடைசி வீட்டைக் காட்டினார்.

“கையெழுத்து வைக்காத மனுசி அங்கதான் இருக்கிறா. அவவிட்ட இருந்து தொடங்குங்கோ.”

எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பஸ்னாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

சிவலட்சுமியின் வளவில் குறுக்கு மதிலைக் காணவில்லை. உடைத்த கற்கள் ஓரமாக அடுக்கி இருந்தன. பஸ்னாவின் வளவில் இருந்து வந்த தண்ணீர் அவளுடைய கத்தரிப் பாத்திகளை அறுத்துக்கொண்டு கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பஸ்னா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது.

சிவலட்சுமி அடுப்படிக்குள் போய், மதில் இடித்த இரும்பு அலவாங்கை எடுத்து வந்து மாஸ்டரின் கையில் கொடுத்தாள்.

“பஸ்னா வீட்டுக்குள்ள தண்ணி வந்த அண்டைக்கே என்ர மதிலை நான் இடிச்சிட்டன் மாஸ்டர். இடிச்ச கையால, கந்தோரில பிழை எண்டு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? இந்தாங்கோ, அடுத்த மதில் உங்கடை.”