கூட்டிப் போடுங்க, குறைச்சுப் போடுங்க

ஸ்ரீகண்டன் அளவெடுக்கும் டேப்பை இன்னும் பிரிக்கக்கூட இல்லை. அதற்குள் அண்ணனும் தங்கையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"உத்தரத்தைப் பாருங்க சார். அத்தனையும் பர்மாத் தேக்கு. இப்போ எந்த வீட்டுல போடறாங்க?" என்றான் டெஸ்மண்ட்.

"தேக்குதான். உள்ளே கரையான் குடும்பம் நடத்துது. அதையும் எழுதிக்குங்க," என்றாள் பவுலின்.

ஸ்ரீகண்டன் டேப்பைப் பிரித்தார். மராமத்து இலாகாவில் ஓவர்சீயராக இருந்து ரிடையரானவர். இறந்தவர்களின் வீட்டுக்கு மதிப்புப் போட்டுத் தரக் கோர்ட்டிலிருந்து அவரை அனுப்புவார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்த வீட்டைக் கட்டிய ரெமிஜியஸ் போன மாதம் காலமாகிவிட்டார். மனைவி அவருக்கு முன்பே போய்விட்டாள். உயில்படி வீடு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பாதி விலையைக் கொடுத்துவிட வேண்டும். அந்த விலையைத்தான் ஸ்ரீகண்டன் சொல்ல வேண்டும்.

வீட்டை எடுத்துக்கொள்வது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்பதே இல்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் தெரிந்துவிடும். வீட்டை வைத்துக்கொள்கிறவர் ஓட்டையைக் காட்டுவார். பணத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் தேக்கைக் காட்டுவார். இந்தக் கணக்கு அவருக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"கிணறு, சார்! மே மாசத்துலயும் வத்தாது. தெருவே வந்து மொண்டுக்கிட்டுப் போகும்."

"கைப்பிடிச் சுவர் இடிஞ்சு கிடக்கறது தெரியுமா இவருக்கு? கிறிஸ்துமஸுக்கு வந்து கேக் தின்னுட்டுப் போறவருக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்."

"நீ சும்மா இரு பவுலின்."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? மழை வந்தா அப்பா கட்டிலை அங்கேயும் இங்கேயும் தனியா இழுத்துப் போட்டது நானு. எந்த ஓடு ஒழுகும்னு என்னைக் கேளுங்க சார்."

டெஸ்மண்ட் கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்தான். நீளமாக ஒரு தடவை இருமிவிட்டு மறுபடியும் பேச்சைப் பிடித்துக்கொண்டான். "அவ பேச்சைக் கேக்காதீங்க சார். நாலு ஓடு மாத்தினா பக்கா வீடு. ஜாஸ்தியாவே போடுங்க."

ஸ்ரீகண்டனுக்கு அவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கிழவரைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றியவள் இவள். இவளுக்கு இருப்பதும் இந்த வீடு ஒன்றுதான். இவளைக் கடனாளி ஆக்கிவிட்டுத்தான் இவன் ரயில் ஏறுவான் போலிருக்கிறது.

சரியான விலையைச் சொன்னால் தன் கடமை முடிந்தது என்றே அவர் முன்பெல்லாம் இருந்தார். இப்போதெல்லாம் அப்படி இருக்க முடியவில்லை. அவர் போட்ட சரியான விலையால் தெருவுக்கு வந்தவர்கள் உண்டு. அது நியாயம்தானா என்று படுத்தால் தூக்கம் வருவதில்லை.

ஆறாயிரம் பெறும் வீடு. கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு ஐயாயிரம் என்று எழுதினார். பொய்யாக ஒரு விலை எழுதியது அதுதான் முதல் தடவை.

டெஸ்மண்ட் அவருக்கு ஜட்கா வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போனான். ஸ்ரீகண்டன் கேட்டருகே நின்று மெல்லச் சொன்னார்:

"கவலைப்படாதீங்கம்மா. ஐயாயிரம்தான் போட்டிருக்கேன். உங்க அண்ணனுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்தா போதும்."

பவுலின் விழித்தாள். "நான் எதுக்குங்க கொடுக்கணும்? வீடு அண்ணனுக்கு. அவருதான் எனக்குக் கொடுக்கணும்."

"அண்ணனுக்கா?"

"ஆமாங்க. உடம்பு ஒத்துக்கலைன்னு தங்கவயல் வேலையை விட்டுட்டாரு. நாலு பிள்ளைங்க. எல்லாரும் இங்கேதான் வரப்போறாங்க. எனக்கு..." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம். மாப்பிள்ளை செகந்தராபாத்துல ரயில்வேல இருக்காரு. அப்பாவை விட்டுட்டு வரமாட்டேன்னேன், அவரும் காத்துக்கிட்டே இருந்தாரு."

ஸ்ரீகண்டன் வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா அவர் எதுக்கு ஏத்து ஏத்துன்னாரு? அவர் கையிலிருந்து போற பணமாச்சே!"

"தங்கச்சி வெறுங்கையோட போகக் கூடாதாம். காலையிலிருந்து இதே சண்டை. கடன் வாங்கியாவது தருவேங்கறாரு. வேலை இல்லாத மனுஷன், நாலு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டுக் கடன் வாங்கறதாவது! நீங்களே சொல்லுங்க."

அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. வீடு ஆறாயிரம் பெறும். உங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சு உங்க பணத்துலயே ஐந்நூறைக் குறைச்சிருக்கேன். இருங்க, சரியான விலையையே எழுதிடறேன்."

பவுலின் சட்டென்று குறுக்கே கையை நீட்டினாள். தெருமுனையைத் திரும்பிப் பார்த்தாள். ஜட்காவில் முன்பக்கம் தொற்றிக்கொண்டு டெஸ்மண்ட் வந்துகொண்டிருந்தான்.

"எழுதினது அப்படியே இருக்கட்டுங்க," என்றாள் அவசரமாக. "அவரு வர்றதுக்குள்ளே இன்னும் ஒரு ஐந்நூறு கம்மி பண்ண முடியுமா பாருங்க."