ஒப்படைக்காத சாவி

வேலையிழந்தோர் உதவித்தொகை கவுன்ட்டரில், கண்ணாடிக்கு அடியிலுள்ள இடைவெளி வழியாக வாட்ச்மேன் சாவிக்கொத்தைத் தள்ளுகிறார். அவர் காவல் காத்த, இப்போது இழுத்து மூடிய மில்லின் சாவிகள். குழல்விளக்கின் வெளிச்சம் அவற்றின் தேய்ந்த பற்களில் நடுங்குகிறது. “சாவி உங்ககிட்ட இருக்கிறவரைக்கும் நீங்க வேலையிலதான் இருக்கீங்கய்யா. முதலாளிகிட்ட ஒப்படைச்சிட்டு, ரசீதோட வாங்க,” என்கிறாள் உள்ளே இருப்பவள். “போன மாசமும் இதையேதான் சொன்னே. அவர்தான் ராவோட ராவா கம்பி நீட்டிட்டாரேம்மா! நீயே வாங்கி வச்சுக்கயேன்.” “நாங்க வாங்கக்கூடாதுய்யா.” பின்னால் வரிசையில் யாரோ செருமுகிறார்கள். அவள் கொத்தை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளுகிறாள். அவர் அதை எடுத்துச் சட்டை நுனியில் துடைக்கிறார். பெரிய கேட், கிடங்கு, ஆபீஸ் அறை என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு சாவியாகத் தடவிச் சரிபார்க்கிறார். ஒன்றும் குறையவில்லை.