முதல் குரல்

அந்தப் புளியமரத்துக் காக்கைகளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பருந்து வந்தால் தலைவன்தான் முதல் குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் எல்லாரும் ஒன்றாகப் பாய்ந்து விரட்டுவார்கள். அந்த வருஷம் தலைவர் தேர்தலில் கரியனும் மொட்டைவாலனும் நின்றார்கள்.

விருந்து வைக்காதவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? விருந்துக்கு வழியில்லாமல் விழித்துக்கொண்டிருந்த கரியனுக்குத் தினமும் கறி கொண்டுவந்து போட்டது சாட்சாத் அந்தப் பருந்துதான்.

"பதிலுக்கு நான் என்னங்க செய்யணும்?" என்று கரியன் பயந்து பயந்து கேட்டான்.

"ஒண்ணும் வேண்டாம் தம்பி. நீ ஜெயிச்சாப் போதும்."

ஜெயித்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பருந்து எதையாவது கேட்டுத் தொலைத்தால், முடியாது என்றாவது சொல்லிவிடலாம். அது கேட்கவே இல்லை.

குஞ்சு பொரித்த சமயம், ஒரு மத்தியான வேளையில் பருந்து மரத்தைச் சுற்ற ஆரம்பித்தது.

"அண்ணே, குரல் கொடுங்கண்ணே! என் கூட்டுக்கு மேலதான் சுத்துது!" என்று ஒரு தாய்க்காக்கை பதறினாள்.

கரியன் அலகைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தோற்றவனாவது கத்தட்டுமே என்று மொட்டைவாலன் பக்கம் திரும்பினான். அவனும் அலகைத் திறந்தபடி கரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வைத்த விருந்திலும் அதே கறிதான் இருந்தது என்பது கரியனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பருந்து சாவகாசமாகக் கீழே இறங்கியது.

முதல் குரல் கூட்டுக்குள்ளிருந்து வந்தது.