போய்த் திரும்பும் அம்புக்குறி

அலுவலகத்தை டிஜிட்டலாக்க வந்த இளைஞன், ஃபைல் போகும் வழியைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பலகையில் வரைந்தான். அருமைநாதனின் கட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி மாடியில் பொற்கொடியின் கட்டத்துக்குப் போய், அப்படியே திரும்பியது.

பியூன் இருந்தும் அந்த ஃபைலை வருடக்கணக்காக அருமைநாதன்தான் கொண்டுபோனார். கையெழுத்துக்குத் தன் பேனாவையும் மூடியோடு நீட்டுவார். போன மாதம் அவள் அதைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து அவர் வீட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுல உங்க வேலை என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல தம்பி. அழிச்சிடுங்க," என்றாள் பொற்கொடி, அருமைநாதனைப் பார்க்காமல்.

அழித்தான். மாற்றத்தின் முதல் வெற்றிக்கு எல்லோரும் கைதட்டினார்கள். அருமைநாதனும் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "உங்களோடது சார். இனிமே கையெழுத்துப் போட ஒண்ணுமில்லையே."

அவள் போன பிறகுதான் கவனித்தார். பேனாவுக்கு மூடி இல்லை.